யாரும் இறங்காத பஸ்

அன்னைக்கு அந்த பஸ்ஸில் இருந்தவங்க:

டிரைவர் ஏழுமலை. கண்டக்டர் சையது பாய். வார்டு மெம்பர் தனம், புதுப் புடவையில். வளையல் விக்கிற பல்கீஸ், மடியில் எலுமிச்சை சோத்துத் தூக்கு. ஆளுங்களை எண்ண சென்னையிலிருந்து வந்த பொண்ணு நிவேதா. நான். என் ரெண்டு குண்டான் இடியாப்பம். அப்புறம் எங்க ஊர் பொம்பளைங்க, பஸ் கொண்ட மட்டும்.

என் மக கலா இல்லை. அவளுக்காகத்தான் நான் உட்கார்ந்திருந்தேன். அவ ஏறத்தான் இடமில்லை.

எப்படி இப்படி ஆச்சுன்னு சொல்றேன்.

பஸ் வந்த விதம்

எங்க ஊர் புங்கந்தாங்கல். திருக்கழுக்குன்றத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் நடுவுல, மெயின் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி. வெளியே போகணும்னா ஏரிக்கரை மேல நடந்து கூட்டு ரோட்டுக்குப் போகணும். தலையில் இடியாப்பக் குண்டானோட நான் வருஷக்கணக்கா நடந்திருக்கேன். புதுப்பட்டினம் கடைத்தெருவுல என் வியாபாரம். கல்பாக்கத்து ஆளுங்க சைக்கிள்ல ஒரு காலை ஊணி நின்னு வாங்கிக்கினு போவாங்க.

அஞ்சாவது வரைக்கும் படிச்சேன். பேச்சு அதிகம் வராது. இடியாப்பம் விக்கப் பேச்சு வேணாம்.

கலா படிச்சவ. புதுப்பட்டினத்துல ரத்தம் எடுத்து டெஸ்ட் பண்ற லேப்புல வேலை கிடைச்சது. ராத்திரி ஏழரைக்குத்தான் மூடுவாங்க. அவ வேலைக்குச் சேர்ந்த நேரம் பார்த்து எங்க ஊருக்கு பஸ் விட்டாங்க. சும்மா இல்லை. மூணு மாசம் ஓட்டிப் பார்க்கிறது. ஜனம் ஏறினா பஸ் நிக்கும். ஏறலைன்னா போயிடும்.

என் தம்பி முருகேசன் அன்னைக்கே சொல்லிட்டான். "பஸ் இருக்கற மட்டும் போவட்டும். பஸ் போச்சுன்னா வேலையும் போச்சு. இருட்டுல ஏரிக்கரை மேல பொண்ணு தனியா நடக்கறதெல்லாம் நம்ம வூட்ல கெடையாது."

அவன் கெட்டவன் இல்லை. தினம் ராத்திரி டார்ச் எடுத்துக்கினு ஸ்டாப்புல நிப்பான். ஆனா சொன்னா சொன்னதுதான்.

கலா வெள்ளைக் கோட்டைத் துவைச்சுக் கொடியில போட்டா. அவளுக்கும் பேச்சு அதிகம் வராது, என் மாதிரி.

ரோட்டுக்குக் குறுக்கே ஒரு டியூபு

இதுக்கு முன்னாடி ஒரு கதை இருக்கு. அதைச் சொல்லாம இது புரியாது.

கிராம சபையில பஸ் கேட்டுக் கேட்டு தனத்துக்குத் தொண்டை போச்சு. ஒரு தடவை ஒரு ஆபீசர், "தேவை இருக்கான்னு முதல்ல பார்க்கணும்மா" என்றார். கொஞ்ச நாள்ல ரெண்டு பேர் வந்தாங்க. ரோட்டுக்குக் குறுக்கே கறுப்பு டியூபு ஒண்ணு போட்டாங்க. ஒரு பக்கம் பொட்டி. வண்டி டியூபு மேல ஏறினா பொட்டி எண்ணிக்குமாம்.

"ரோட்டுக்கு பி.பி. பாக்கறாங்கடி" என்றாள் பல்கீஸ்.

எண்ணிக்கை ஏறினா பஸ் வரும்னு யாரோ சொன்னாங்க. அவ்வளவுதான். ஊர்ல இருக்கிற டிராக்டர் அத்தனையும் வெளியே வந்துச்சு. போவாங்க, ஏரிக்கரையில திருப்புவாங்க, வருவாங்க. சைக்கிள், மாட்டு வண்டி, தண்ணி டேங்கர். எதுவும் இல்லாத ஆளுங்க டியூபு மேல ஏறிக் குதிச்சாங்க. தனம் தன் ஸ்கூட்டியில சாயங்காலம் வரைக்கும் போய்ப் போய் வந்தாள். பெட்ரோல் தீர்ந்ததும் தள்ளிக்கினு போனாள்.

பொட்டி எண்ணிச்சு. ரொம்பவே எண்ணிச்சு.

மேல என்ன முடிவு பண்ணாங்க தெரியுமா? இந்த ரோட்டுல இவ்வளவு வண்டி ஓடுதா, அப்போ ஜனத்துக்கு வண்டி வசதி இருக்கு, பஸ் அவசரமில்லைன்னு. ஆனா வண்டி அதிகமா இருக்கிறது ஆபத்துன்னு ரெண்டு வேகத்தடை போட்டாங்க. ஒட்டகம் முதுகு மாதிரி ஒவ்வொண்ணும்.

என் குண்டான் அதுல ஏறி இறங்கும்போதெல்லாம் எனக்கு தனம் ஞாபகம் வரும்.

அப்புறம் வேற ஆபீசர் வந்தார். தனம் மறுபடி தொண்டையைக் கொடுத்தாள். பஸ் வந்துச்சு. இவ்வளவு பட்டும் எங்களுக்குப் புத்தி வந்துச்சான்னா, இல்லை.

சையது பாய் சொன்ன சேதி

மூணாவது மாசம் முடியப் போகுது. ஒரு காலையில சையது பாய் படியில தொங்கிக்கினே குனிஞ்சு சொன்னார்.

"செவ்வாக்கெழமை எண்ண ஆளு வர்றாங்க. நாளு முச்சூடும் எண்ணுவாங்களாம். எரநூறு தேறணும்னு பேச்சு. பஸ்ஸு ரொம்பி இருக்கணும், சொல்லிட்டேன்."

பஸ் ரொம்பி இருக்கணும். இதுதான் அவர் சொன்னது. நாங்க அதை அப்படியே செஞ்சோம்.

தனம் வூடு வூடா போனாள். பொம்பளைங்களுக்கு டிக்கெட் காசு கிடையாது. அதனால யாருக்கும் நஷ்டமில்லை. செவ்வாய்க்கிழமை காலை ஆறரை நடைக்கு எல்லாரும் ஏறிடணும். சாயங்காலம் வரைக்கும் யாரும் இறங்கக் கூடாது. எண்ண வர்ற ஆளு எப்ப திரும்பிப் பார்த்தாலும் பஸ் ரொம்பி இருக்கணும்.

"ஒண்ணுக்கு வந்தா?" என்றாள் பல்கீஸ்.

"ஒருத்தி இறங்கினா அவ எடத்துல ஒருத்தி நிக்கணும். ஆளு கொறையக் கூடாது" என்றாள் தனம்.

கல்யாணத்துக்குப் போற மாதிரி கிளம்பினோம். எலுமிச்சை சோறு, புளி சோறு, வத்தல், தண்ணி பாட்டில். பல்கீஸ் சீட்டுக்கட்டு எடுத்துக்கினு வந்தாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காலுக்குக் கீழே குண்டான்.

எண்ண வந்த நிவேதா சின்னப் பொண்ணு. அரசாங்கம் ஒரு திட்டம் போட்டா அது சனத்துக்கு உதவுதா இல்லையான்னு பார்க்கிறதே ஒரு படிப்பாம். அந்தப் படிப்பு. படிக்குப் பக்கத்து சீட்டுல அட்டையும் பேனாவுமா உட்கார்ந்துச்சு. நாங்க ஏற ஏற கோடு கோடா இழுத்துச்சு. வாயெல்லாம் சிரிப்பு.

"நல்ல கூட்டம் அண்ணா" என்றது சையது பாயிடம்.

"தெனமும் இப்படித்தாம்மா" என்றார் அவர், மூஞ்சியை நேரா வெச்சுக்கினு.

சாப்பாட்டுப் பை போச்சு, ஆளு நின்னுச்சு

முதல் நடை புதுப்பட்டினம் போச்சு. யாரும் இறங்கலை. நான்கூட இறங்கலை. வியாபாரம் ஒரு நாள் போனா போவுது.

ஏழுமலை திரும்பிப் பார்த்தார். "இன்னா, கடைசி ஸ்டாப்பு வந்துடுச்சு."

"தெரியும் அண்ணாத்த. நீ ஓட்டு" என்றாள் தனம்.

பஸ் திரும்பிச்சு. பாட்டு ஆரம்பிச்சாங்க. பல்கீஸ் தூக்கைத் தட்டித் தாளம் போட்டாள். நான் சிரிக்கிறவ இல்லை. அன்னைக்கு எனக்கே அடக்க முடியலை.

கூட்டு ரோட்டுல எட்டு பேர் கை காட்டினாங்க. ஏற இடமில்லை. பஸ் போயிடுச்சு. கல்லெடுத்து அடிக்காத குறை.

எட்டு மணி நடை. எங்க ஊர் ஸ்டாப்பு. கலா நிக்கிறா. வெள்ளைக் கோட்டு கையில, சாப்பாட்டுப் பை தோளில. படியில கால் வைக்க முடியலை. உள்ளே இருந்த அத்தனை பேரும் சேர்ந்து கத்தினாங்க. "கலா, உனக்காகத்தாண்டி!"

கலா ஜன்னலுக்கு வந்தா. "ம்மா. எறங்கு. நான் போவணும்."

எழுந்துதான் பார்த்தேன். காலுக்கு நடுவுல குண்டான், மடியில எவளோ ஒருத்தி. நகர முடியலை. பழக்க தோஷம், கையை நீட்டி அவ பையை வாங்கி மடியில வெச்சுக்கிட்டேன். சீட்டு பிடிக்கிறப்போ அப்படித்தானே செய்வோம். பை உள்ளே வந்தா ஆளும் வந்த மாதிரி.

விசில் அடிச்சுட்டார் சையது பாய். பை புதுப்பட்டினம் போச்சு. கலா புங்கந்தாங்கல்ல நின்னா.

தனம் சொன்னாள்: "கவலைப்படாத செல்வி. இன்னிக்கு ஒரு நாள் போனா போவட்டும். நாளைக்கு பஸ்ஸே அவளுதுதான்."

பத்து மணிக்கு எலுமிச்சை சோறு தீர்ந்துச்சு. பதினொரு மணிக்கு என் முதல் குண்டானைத் திறந்தாங்க. பஸ் ஒட்டக முதுகுல ஏறும்போது இடியாப்பத்துக்குக் கொண்டு வந்த தேங்காய்ப் பால் தனத்தோட புதுப் புடவையில கொட்டிச்சு. அவ போட வெச்ச வேகத்தடை. பஸ்ஸே சிரிச்சுச்சு. ரெண்டாவது குண்டானும் தீர்ந்துச்சு.

கலா திட்டினது

மதியம் புதுப்பட்டினத்துல பஸ் நின்னுச்சு. கீழே கலா. பால் வண்டியில வந்து, லேப்புல தாமதத்துக்கு வாங்கிக் கட்டிக்கினு, சாப்பாட்டு நேரத்துல பையைத் தேடிக்கினு வந்திருக்கா.

நேரா நிவேதாகிட்ட போனா. "மேடம், இதுவரைக்கும் எவ்ளோ வந்திருக்கு?"

நிவேதா அட்டையைப் பார்த்துச்சு. காலையில இருந்த சிரிப்பு இல்லை. "அறுபத்தி மூணு."



"அறுபத்தி மூணா?" தனம் எழுந்தாள். "காலையில இருந்து அத்தனை பேரும் உள்ளதானே கீறோம்!"

"அதான் அக்கா. உள்ள இருக்கறவங்கள நான் எண்ணலை. ஏறுறவங்களத்தான் எண்ணுறேன். நீங்க எல்லாரும் காலையில ஒரே ஒரு தடவை ஏறுனீங்க. அதுக்கப்புறம் யாரையும் ஏற விடலை."

"டிக்கெட்டு ஒவ்வொரு நடைக்கும் கிழிச்சேனே" என்றார் சையது பாய்.

"அது மெஷின் கணக்கு அண்ணா. அது தனியா போயிடும். படியில ஏறுறவங்கதான் என் கணக்கு. ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாப்பாங்க."

பாய் தொப்பியைக் கழட்டினார். தலையைச் சொறிஞ்சார்.

கலா என்னைப் பார்த்துச் சொன்னா. அவ அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. "ஒரு சொட்டு ரத்தத்தைப் பாத்துட்டுத்தாம்மா உடம்பு எப்டி கீதுன்னு சொல்றோம். இவங்களுக்கு இன்னிக்கு ஒரு நாளுதான் அந்தச் சொட்டு. நீங்க அதுல சக்கரையை அள்ளிக் கொட்டிட்டு டெஸ்ட் பண்ணுன்றீங்க."

பையை வாங்கிக்கினு போயிட்டா.

எனக்கு அப்பதான் புரிஞ்சுது, சனங்களோட தேவையை எப்படிப் பார்க்கிறாங்கன்னு. தனத்துக்கு வேற மாதிரி புரிஞ்சுது.

"எறங்குங்கடி எல்லாரும்!" என்றாள். "எறங்கி ஏறுங்க!"

முன் படியில இறங்கினோம். பின் படியில ஏறினோம். மறுபடி முன் படியில இறங்கினோம். பஸ்ஸைச் சுத்தி ஒரு வரிசை. கோயில் பிரகாரம் மாதிரி. "ஒழுங்கா போங்க, தள்ளாதீங்க" என்று தனம் நடுவுல நின்னு கையை வீசினாள். கடைத்தெரு மொத்தமும் வேடிக்கை பார்த்துச்சு. மீன் விக்கிற ஒருத்தி கூடையை இறக்கி வெச்சுட்டு வரிசையில நின்னாள்.

"இன்னா குடுக்கறாங்க?" என்றாள் முன்னால இருந்த என்னிடம்.

"தெரியல" என்றேன். அதுவும் உண்மைதான்.

அவளுக்குப் பின்னால இன்னும் பத்து பேர் நின்னுட்டாங்க. ஒருத்தர் ரேஷன் கார்டு எடுத்துக்கினு ஓடி வந்தார்.

நிவேதா பேனாவை மூடிச்சு. ரெண்டு கையாலயும் மூஞ்சியைப் பொத்திக்கிச்சு. அழுவுதுன்னு நெனச்சோம். தோள் குலுங்குது. கையை எடுத்தா சிரிப்பு. கண்ணுல தண்ணி. சீட்டுல சாஞ்சு, அட்டையை வெச்சு விசிறிக்கினு, முடியாம சிரிக்குது.

சிரிச்சு முடிச்சதும் சொன்னது சிரிப்பில்லை.

"இதை எழுத முடியாது அக்கா. எழுதுனா பொய். எழுதாம விட்டா அறுபத்தி மூணு. அதைப் பாத்தா பஸ்ஸை நிறுத்திடுவாங்க." கொஞ்சம் யோசிச்சுச்சு. போனை எடுத்துத் தள்ளிப் போய்ப் பேசிச்சு. திரும்பி வந்து, "இன்னிக்கு நாள் சரியில்லைன்னு சொல்லிட்டேன். வியாழக்கிழமை ஒரே ஒரு தடவை திரும்ப எண்ணலாம்னு சொல்லிட்டாங்க. அதான் கடைசி. கணக்குக்காக யாரும் ஏறக் கூடாது. தயவு செஞ்சு" என்றது.

மைக்கில் சொன்னது

தான் செஞ்ச தப்பைத் தானே திருத்தணும்னு தனம் நெனச்சாள். புதன்கிழமை கோயில் மைக்கை வாங்கினாள்.

"இதனால் சொல்றது இன்னான்னா, நாளைக்கு வேலை இல்லாத எவளாவது பஸ் படியில காலை வெச்சீங்க, அப்புறம் நான் மனுசியா இருக்க மாட்டேன்."

திருக்கழுக்குன்றம் மலைக்கே கேட்டிருக்கும்.

வியாழக்கிழமை ஆறரை. நான் என் குண்டானோட ஏறினேன். ரெண்டு ஆம்பளைங்க ஏறினாங்க. நிவேதா மூணு கோடு போட்டுச்சு. பஸ் காலி.

ஸ்டாப்புல ஊரே நிக்குது. கையில பை. தலையில பூ. யாரும் ஏறலை. வழியனுப்ப வந்த மாதிரி எங்களைப் பார்த்துக்கினு நிக்கிறாங்க.

மூணு கோடு. எரநூறு எங்க, மூணு எங்க. கலா எட்டு மணி நடைக்கு வருவா. அவளோட நாலு.

நிவேதா இறங்கிச்சு. "ஏன் யாரும் ஏறலை?"

"நீ சொன்னியே கண்ணு. வேலை இருந்தாத்தான்" என்றாள் பல்கீஸ். "எனக்கு இன்னிக்கு நாத்தனாரைப் பாக்கணும். ரெண்டு வருசமா பேச்சில்ல. அது வேலையா, தெரியல. அதான் நிக்கறேன்."

"எனக்கு மூக்குத்தித் திருகாணி வாங்கணும்" என்றாள் ஒருத்தி. "ஆனா அது இல்லாமயே ஒரு மாசம் ஓட்டிட்டேன்."

"முட்டி வலி. டாக்டரண்ட போவணும். ஆனா அது ஆறு மாசமா வலிக்குது. இன்னிக்கின்னு சொன்னா பொய்யாயிடுமே."

"நாங்க அஞ்சு பேரு கட்டட வேலை. மேஸ்திரி இன்னிக்கு எடுப்பாரா மாட்டாரான்னு போனாத்தான் தெரியும். எடுக்கலன்னா வேலை இல்லாம ஏறுன மாதிரி ஆயிடும்."

"நான்தான் நிக்க வெச்சேன் மேடம்" என்றாள் தனம். "ஒனக்குக் கெட்ட பேரு வரக் கூடாது."

கடைசியில அஞ்சலை. அவ மாடு மேய்க்கிறவ. எப்பவும் பேச மாட்டா. "நான் கடல் பாக்கணும்" என்றாள். "புதுப்பட்டினத்துல கீதாமே. இத்தினி வருசத்துல மாட்டை வுட்டுட்டு போனதில்ல. இன்னிக்கு ஓரகத்தி பாத்துக்கறேன்னா. இது வேலை இல்லன்னு எனக்கே தெரியும். சும்மா வந்து நின்னேன்."

ஏழுமலை இன்ஜினை நிறுத்தினார்.

நிவேதா படியில ஏறி நின்னு திரும்பிச்சு. "அக்கா, எல்லாரும் கேளுங்க. எதுக்குப் போறீங்கன்னு இதுல கட்டமே இல்லை." அட்டையைத் தூக்கிக் காட்டிச்சு. "கடல் பாக்கணுமா, நாத்தனாரோட சண்டை போடணுமா, ஏறுங்க. எங்க இறங்கணுமோ அங்க இறங்குங்க. அவ்ளோதான். பஸ் அதுக்குத்தான்."

"திரும்பி வர்றப்போ?" என்றாள் தனம்.

"அப்பவும் ஏறணும்ல. அப்பவும் எண்ணுவேன்."

அஞ்சலை முதல்ல ஏறினாள். நிவேதா ஒரு கோடு இழுத்துச்சு. அப்புறம் கோடு போட நேரமில்லை.

அந்த நாள் ஓடினது

அன்னைக்கு பஸ் மூச்சு விட்ட மாதிரி ரொம்பிச்சு, காலியாச்சு, ரொம்பிச்சு. கூட்டு ரோட்டு ஆளுங்க முறைச்சுக்கினே ஏறினாங்க. எட்டு மணி நடையில கலா வந்து இறங்கினா. என் கடைக்கு முன்னால ஒரு நிமிஷம் நின்னா. ரெண்டு இடியாப்பம் இலையில வெச்சுக் கொடுத்தேன். நின்னுக்கினே தின்னுட்டுப் போனா. கோவம் போயிடுச்சுன்னு அர்த்தம்.

மேஸ்திரி அஞ்சு பேரையும் எடுத்துக்கிட்டார். முட்டி வலிக்கு மாத்திரை கொடுத்தாங்க. பல்கீஸ் நாத்தனார் வூட்டுல சண்டை போட்டாளா சமாதானமா தெரியலை, மதியம் அவளையும் கூட்டிக்கினு பஸ் ஏறினாள், ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேசிக்கினே. திருகாணி வாங்கினவ அதைக் கடைத்தெருவுலயே தொலைச்சுட்டு இன்னொண்ணு வாங்க மறுபடி வந்தாள். பொய் இல்லை, நான் பார்த்தேன்.

அஞ்சலை முட்டி வரைக்கும் புடவை நனைஞ்சு மூணு மணிக்கு வந்தாள். "எப்டி இருந்துச்சு?" என்றேன்.

"நிக்கவே மாட்டேங்குது" என்றாள். உட்கார்ந்து தனக்குத் தானே சிரிச்சாள்.

கடைசி நடை ராத்திரி. காலி குண்டான் ரெண்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு. பக்கத்துல கலா. தனம் நிவேதா தோளுக்கு மேல எட்டி எட்டிப் பார்த்தாள்.

"கூட்டும்மா. கூட்டிச் சொல்லு."

"கடைசி ஸ்டாப்பு வரட்டும் அக்கா. நான் எண்ணுனதைத்தான் தருவேன். முடிவு மேல எடுப்பாங்க."

"எரநூறு தாண்டினா வுடுவாங்கல்ல?"

"தாண்டினா நிறுத்த அவங்களுக்குக் காரணம் இருக்காது."

நிவேதா கூட்டிச்சு. மேலிருந்து ஒரு தடவை. கீழிருந்து ஒரு தடவை. அட்டையை கலாகிட்ட நீட்டி, "நீங்க ஒரு தடவை பாருங்க. லேப்ல இருக்கீங்க, தப்பு விட மாட்டீங்க" என்றது. கலா விரலை வெச்சுக்கினு மெதுவா பார்த்தா. நான் அவ மூஞ்சியைப் பார்த்தேன். ஒண்ணும் தெரியலை. என் மூஞ்சிதானே அது.

பஸ் நின்னுச்சு. ஸ்டாப்புல முருகேசன், டார்ச்சோட. அவனும் ரெண்டு நாளா தூங்கலைன்னு அவன் பொண்டாட்டி சொல்லியிருந்தா.

கலா முதல்ல இறங்கினா. அவன் டார்ச்சை அவ காலடியில அடிச்சான். எதுவும் கேட்க மாட்டான்னு நெனச்சேன். கேட்டுட்டான்.

"எவ்ளோ?"

"எரநூத்தி முப்பத்தி ஏழு, மாமா."